குளிர்காலத்திலும் பின்வளவில் மரக்கறி: தாழ்ந்த கூடாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்லப்படும் திகதிகள் தெற்கு ஒன்ராறியோவுக்கு உரியவை: ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கம். ஒட்டாவா, மொன்றியல் பக்கம் இருப்பவர்கள் இலையுதிர்கால வேலைகளை ஒரு வாரம், பத்து நாள் முன்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.

தாழ்ந்த கூடாரம் என்றால் என்ன? கிறீன்ஹவுஸ் தானே?

இல்லை. கிறீன்ஹவுஸுக்குள் நாம் நடந்து போகலாம். இதற்குள் கை மட்டும்தான் போகும். பாத்தியின் குறுக்கே குழாய்களை வில்லுப்போல வளைத்து நட்டு, மேலே துணியோ பிளாஸ்ரிக்கோ போர்த்தினால் அதுதான் தாழ்ந்த கூடாரம். உயரம் இடுப்புக்குக் கீழே. ஆங்கிலத்தில் லோ ரனல் என்று தேடினால் படங்கள் வரும். அத்திவாரம், சட்டம், கதவு ஒன்றும் கிடையாது. வசந்தம் வந்ததும் கழற்றி மடித்து வைத்துவிடலாம்.

பிளாஸ்ரிக் போட்டால் உள்ளே சூடாகத்தானே இருக்கும்? கத்தரி, மிளகாய், வெண்டி வைக்க ஏலாதா?

ஏலாது. எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். வெயில் எறிக்கும் நேரத்தில் உள்ளே நல்ல சூடு இருக்கும், உண்மை. ஆனால் இரவில் ஒற்றைப் பிளாஸ்ரிக் வெளியை விட 2, 3 பாகைதான் கூடுதலாக வைத்திருக்கும். வெளியே கழித்தல் 12 என்றால் உள்ளே கழித்தல் 9 அல்லது 10. கத்தரிக்கும் மிளகாய்க்கும் பூச்சியத்துக்குக் கிட்டப் போனாலே கதை முடிந்தது. பாகல், புடோல், வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை எல்லாம் அதே கூட்டம். கறிவேப்பிலைச் சாடியை வீட்டுக்குள் யன்னல் ஓரம் வையுங்கள், கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம்.

கூடாரம் வெப்பம் தருவதற்கல்ல. காற்றைத் தடுக்கும், இலையில் நேரே உறைபனி படிவதைத் தடுக்கும், மண்ணில் இருந்து எழும் வெப்பத்தில் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும். இவ்வளவுதான். இது காணும் என்று சொல்லும் பயிர்களைத்தான் வைக்கவேண்டும்.

அப்படியானால் உறையும் குளிரில் செடி எப்படி வளரும்?

வளராது. அதுதான் இதில் பிடிக்கவேண்டிய சூட்சுமம். பகல் 10 மணித்தியாலத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான கீரைகளின் வளர்ச்சி நின்றுவிடும். ரொறன்ரோவில் நவம்பர் இரண்டாம் வாரத்தில் இருந்து பெப்ரவரி முதல் வாரம் வரை அந்தக் காலம். டிசெம்பர் 21 அன்று பகல் 9 மணித்தியாலம் கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணித்தியாலம் இருக்கும். ஊரில் மாரியில் தோட்டம் செய்து பழகிய கைக்கு இது விளங்கக் கொஞ்சக் காலம் எடுக்கும், ஏனென்றால் அங்கே வெளிச்சம் ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் குளிர்காலத் தோட்டத்தைப் பெரும் அளவில் செய்து காட்டிய எலியட் கோல்மன் இந்த இருண்ட காலத்துக்குப் பெர்செபோனி நாட்கள் என்று பெயர் வைத்தார். கிரேக்கக் கதையில் பாதாளத்துக்குப் போய் மீளும் பெண் பெர்செபோனி. அவருடைய தோட்டமும் ஏறக்குறைய 44 பாகை வடக்கில்தான், நம்முடைய ரொறன்ரோவைப் போல.

ஆகவே கணக்கு இப்படி: நவம்பர் தொடக்கத்துக்குள் செடி முக்கால்வாசியாவது வளர்ந்திருக்கவேண்டும். அதன்பிறகு கூடாரம் ஒரு குளிர்சாதனப் பெட்டி. உள்ளே வைத்திருப்பதை வேண்டியபோது எடுத்துச் சாப்பிடுகிறோம். குளிர்காலத் தோட்டம் உண்மையில் ஓகஸ்ற் மாத வேலை. நவம்பரில் நினைவு வந்து கூடாரம் கட்டுபவர்களுக்குக் கூடாரம் மட்டும்தான் மிஞ்சும்.

எந்தப் பயிர்கள் சரிவரும்?

முதலிடம் ஸ்பினாச் கீரைக்கு. உள்ளே துணி, வெளியே பிளாஸ்ரிக் என்ற இரட்டைப் போர்வைக்குள் கழித்தல் 20 இரவுகளையும் தாண்டி, மார்ச்சில் மீண்டும் தழைக்கும். குளிர் பட்ட இலை வேனில் இலையை விடத் தடிப்பு, இனிப்பு. பருப்போடு கடைந்தாலும் சுண்டினாலும் வித்தியாசம் தெரியும்.

அதே உறுதி உள்ளவை கேல், லீக்ஸ், மாஷ் எனப்படும் சிறு சலாது இலை, வெங்காயத்தாள். வெங்காயத்தாளில் குளிர் தாங்கும் இனம் என்று விதைப்பையில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கேலில் சுருள் இலை இனங்கள் கறுத்த நீள இலை இனத்தை விடத் திடமானவை.

இரண்டாம் தரம்: தற்சோய் என்ற சீனக் கீரை, கடுகுக் கீரை, அருகுலா, குளிர்கால லெற்றூஸ். இவை டிசெம்பர் நடு வரை நன்றாக இருக்கும். ஜனவரிக் கடும் குளிரில் வெளி இலைகள் கருகிப் போகும்.

கொத்தமல்லியைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பலர் இதை வெப்பநாட்டுச் செடி என்று நினைத்து ஒதுக்கி விடுகிறார்கள். உண்மையில் அது குளிர் விரும்பி. வேனிலில் நட்டால் நாலு கிழமையில் பூத்து நிற்கும் அதே மல்லி, செப்ரெம்பரில் முளைத்தால் பூவே எடுக்காமல் தரையோடு பரந்து வளரும். டிசெம்பர் வரை தாராளமாக நுள்ளலாம். பிறகு வெளி இலைகள் போனாலும் நடுக்குருத்து பெரும்பாலும் தப்பி, மார்ச் கடைசியில் மீண்டும் தழைக்கும்.

வெந்தயக் கீரை கடும் உறைபனி தாங்காது. நவம்பருக்குள் பிடுங்கிச் சமைத்துவிடுங்கள்.

கரட்டும் பீற்றூட்டும் இலைக்காக அல்ல, கிழங்குக்காக. கரட்டுக்குத் தனிக் கேள்வி கீழே உண்டு. உள்ளிக்குக் கூடாரமே வேண்டாம். ஒக்ரோபர் நடுவில் பல்லை 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றி, மேலே வைக்கோல் மூடினால் ஜூலையில் கிளறலாம்.

எதை எப்போது விதைக்கவேண்டும்?

கரட், சாம்பாருக்குப் போடும் நீள வெள்ளை முள்ளங்கி: ஜூலை கடைசி, பிந்தினால் ஓகஸ்ற் முதல் நாட்கள். கேலை ஜூலை தொடக்கத்தில் சிறு சாடியில் போட்டு ஓகஸ்ற் தொடக்கத்தில் நடுங்கள். வெங்காயத்தாள் ஜூலை கடைசி முதல் ஓகஸ்ற் நடு வரை. தற்சோய் ஓகஸ்ற் நடு. கொத்தமல்லியும் லெற்றூஸும் ஓகஸ்ற் 20 முதல் செப்ரெம்பர் முதல் வாரம். மாஷும் அருகுலாவும் செப்ரெம்பர் முதல் பாதி.

ஸ்பினாச்சை இரண்டு தடவை போடுங்கள். ஓகஸ்ற் நடுவுக்கும் செப்ரெம்பர் 10 க்கும் இடையில் போடுவது இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் சாப்பிட. செப்ரெம்பர் 15 முதல் ஒக்ரோபர் முதல் நாட்கள் வரை போடுவது குளிர்காலத்தைச் சிறு செடியாகக் கழித்து, மார்ச், ஏப்ரலில் பெரும் விளைச்சல் தர. இரண்டாவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஆனால் இடத்துக்கும் உழைப்புக்கும் அதிகம் திருப்பித் தருவது அதுதான்.

ஓகஸ்றில் ஒரு நாள் பிந்தினால் அறுவடை ஒரு நாள் பிந்துவதல்ல. பகல் குறுகக் குறுக வளர்ச்சி மெதுவாகும். ஆகவே ஒரு வாரத் தாமதம் இரண்டு, மூன்று வாரமாக நீண்டு, கடைசியில் பெப்ரவரிக்குப் பிறகுதான் இலை கிடைக்கும்.

ஓகஸ்றில் ஸ்பினாச் போட்டேன், முளைக்கவே இல்லை. விதை பழசா?

இருக்கலாம். ஸ்பினாச் விதை இரண்டு வருடத்துக்கு மேல் நம்பத்தக்கதல்ல. ஆனால் ஓகஸ்றில் பெரும்பாலும் குற்றவாளி மண்ணின் சூடு. 30 பாகைக்குக் கிட்ட மண் சுட்டால் ஸ்பினாச்சும் லெற்றூஸும் முளைக்க மறுக்கும்.

செய்யவேண்டியது: பாத்தியை முதல் நாள் மாலை நன்றாக நனையுங்கள். விதையை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, ஈரக் கடதாசியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு, மூன்று நாள் வையுங்கள். மாலையில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் விதைத்து, மேலே ஈரச் சாக்கையோ ஒரு பலகையையோ போடுங்கள். நாலாம் நாளில் இருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுக்கவேண்டும். ஒரு நாள் மறந்தால் முளை வெளிறி நீண்டு விழுந்துவிடும்.

மல்லிக்கு வேறு வைத்தியம். ஒவ்வொரு உருண்டையும் இரண்டு விதை ஒட்டிய காய். சப்பாத்திக் கட்டையால் மெல்ல அழுத்தி இரண்டாகப் பிளந்து, ஒரு இரவு ஊறவைத்து விதையுங்கள். சமையலுக்கு விற்கும் மல்லி சிலவேளை முளைக்கும், சிலவேளை முளைக்காது. முதலில் 20 விதையை ஈரக் கடதாசியில் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

பின்வளவில் எந்த இடம் நல்லது?

டிசெம்பரில் எங்கே வெயில் விழும் என்று பார்க்கவேண்டும், ஜூலையில் அல்ல. டிசெம்பர் 21 அன்று நண்பகலில் ரொறன்ரோவில் சூரியன் அடிவானத்தில் இருந்து 23 பாகைதான் உயரும். 1.8 மீற்றர் உயர வேலியின் நிழல் அந்த நேரத்தில் 4.3 மீற்றர் நீளும். ஆகவே தெற்கு வேலியில் இருந்து அவ்வளவு தள்ளிப் பாத்தி இருக்கவேண்டும். சின்ன வளவில் அதற்கு இடமில்லை என்றால் வடக்கு வேலி ஓரமாக, தெற்கைப் பார்த்து அமையுங்கள். இலை உதிர்க்கும் மரம் பரவாயில்லை. ஊசியிலை மரம் தெற்கில் நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கூடாரத்தின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் தாழ்ந்த சூரிய ஒளி நன்றாகப் படும். வளவின் அமைப்பு அதற்கு விடாவிட்டால் மண்டையை உடைக்கவேண்டாம்.

4 அடிக்கு 8 அடிப் பாத்திக்கு என்னென்ன சாமான் வேண்டும்?

அரை அங்குலப் பிவிசி குழாய், 10 அடி நீளம், 6. இதில் ஐந்தை 7 அடிக்கு வெட்டினால் வளைவுகள். ஆறாவதை 8 அடிக்கு வெட்டினால் முகட்டுக் குழாய்.

10 மில்லிமீற்றர் முறுக்குக் கம்பி, 60 சென்ரிமீற்றர் துண்டு, 10.

உள் போர்வைக்கு 9 ஆம் இலக்கத் தடித்த கம்பி, 1.75 மீற்றர் துண்டு, 5. அதன்மேல் போட றோ கவர் என்று கேட்டால் தரும் வெண்ணிற நெய்யாத துணி, சுமார் 2.1 மீற்றர் அகலம், 3.6 மீற்றர் நீளம். சதுர மீற்றருக்கு 30 கிராம் அளவில் வாங்குங்கள். 19 கிராம் துணி வெளிச்சம் நன்றாக விடும், குளிர் தடுப்பது குறைவு. 50 கிராமுக்கு மேல் போனால் வெளிச்சம் பாதியாகிவிடும்.

பிளாஸ்ரிக் விரிப்பு, 6 மில் தடிப்பு (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மில்லிமீற்றர் அல்ல), 10 அடி அகலம், 5 மீற்றர் நீளம்.

முக்கால் அங்குலப் பிவிசி குழாய் ஒன்று, பிளாஸ்ரிக்கை வளைவோடு பிடித்துவைக்கும் கிளிப் வெட்ட. நைலோன் கயிறு 15 மீற்றர். ஒவ்வொன்றிலும் 5 கிலோ சரளைக்கல் நிரப்பிய சிறு சாக்குகள் 14. முளைக்கட்டை 2. உள்வெப்பநிலை காட்டும் ஒரு மலிவான வெப்பமானி, குறைந்ததையும் கூடியதையும் நினைவில் வைக்கும் வகை.

எப்படிக் கட்டுவது?

ஒக்ரோபர் முதல் பாதியில், மண் இளகி இருக்கும்போதே கம்பி அடித்துவிடுங்கள். டிசெம்பரில் மண் இறுகிய பிறகு சம்மட்டியாலும் இறங்காது.

பாத்தியின் இரண்டு நீளப்பக்கமும் 60 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக முறுக்குக் கம்பியை 30 சென்ரிமீற்றர் ஆழம் இறக்குங்கள், 30 வெளியே நிற்கட்டும். மேல்நுனி கொஞ்சம் வெளிப்பக்கம் சாயட்டும், வளைந்த குழாய் அதில் இறுகி நிற்கும். ஏழடிக் குழாயின் ஒரு முனையை ஒரு கம்பியில் செருகி, வளைத்து, எதிர்ப்பக்கக் கம்பியில் செருகுங்கள். உச்சி தரையில் இருந்து 70 சென்ரிமீற்றர் அளவில் வரும். வளைவு அரை வட்டத்தை விடக் கொஞ்சம் உயர்ந்திருப்பது நல்லது. தட்டையான முதுகில் ஸ்னோ தங்கும், கூரான முதுகில் வழுக்கும்.

முகட்டுக் குழாயை ஐந்து வளைவுக்கும் அடியில் வைத்து ஒவ்வொரு சந்தியிலும் கயிற்றால் பெருக்கல் குறிபோல் இறுக்கிக் கட்டுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு ஸ்னோவில் கூடாரம் படுத்துவிட்டது என்பவர்கள் நிறையப்பேர். கட்டிய கயிற்றின் முடிச்சு உட்பக்கம் இருக்கட்டும், வெளியே இருந்தால் அந்த இடத்தில்தான் பிளாஸ்ரிக் முதலில் கிழியும்.

உள்ளே தடித்த கம்பிகளை 40 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வளைத்து ஊன்றி, துணியைப் போர்த்துங்கள். துணி இலையில் முட்டக்கூடாது. முட்டினால் ஈரத்துணியும் இலையும் சேர்ந்து உறைந்து, இலை ஒட்டிய இடமெல்லாம் கருகும். கேல் 40 சென்ரிமீற்றரில் அடங்காது. அதைத் தனிப் பாத்தியில் வைத்து, துணியைப் பெரிய வளைவின் மேலேயே போட்டு, அதன்மேல் பிளாஸ்ரிக் போடலாம்.

பிளாஸ்ரிக்கைக் காற்றில்லாத, கொஞ்சம் வெயில் உள்ள நாளில் போடுங்கள். சூட்டில் இளகி இருக்கும்போது இழுத்தால் பிறகு தொய்யாது. இரண்டு அந்தத்திலும் மிச்சத்தை ஒன்றாகச் சேர்த்து, மூட்டையின் வாயைக் கட்டுவதுபோல் முறுக்கி, அரை மீற்றர் தள்ளி அடித்த முளையில் கட்டுங்கள். பக்கங்களில் தரையில் கிடக்கும் 45 சென்ரிமீற்றர் விளிம்பின்மேல் சரளைச் சாக்குகள். கடைசியாகக் கயிற்றை ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் குறுக்கு நெடுக்காக, பொதி கட்டுவதுபோல் மேலால் போட்டு இறுக்குங்கள். நவம்பர்க் காற்றில் பிளாஸ்ரிக்கைக் காப்பது கிளிப்பை விட இந்தக் கயிறுதான்.

கிளிப் எப்படி வெட்டுவது?

முக்கால் அங்குலக் குழாயை 8 சென்ரிமீற்றர்த் துண்டுகளாக அறுத்து, நீளவாக்கில் ஒரு சென்ரிமீற்றர் அகலக் கீற்றை எடுத்துவிட்டால் ஒரு துண்டு ஒரு கிளிப். வளைவுக்கு 4 வீதம் 20. வெட்டிய ஓரங்களை அரத்தால் அல்லது உப்புத்தாளால் உருட்டிவிடவேண்டும், இல்லாவிட்டால் அதுவே கத்தி. கழித்தல் 10 இல் பிவிசி கண்ணாடி மாதிரி உடையும். கிளிப்பை மாட்டுவதும் கழற்றுவதும் வெயில் ஏறிய பிறகே.

பிவிசி குழாயா, மின்வயர் போகும் இரும்புக் குழாயா?

இரும்புக் குழாய் வாழ்நாள் முழுக்க இருக்கும், ஸ்னோவுக்கு அசையாது. ஆனால் வளைக்க அச்சு வேண்டும், கையால் வளைத்தால் நசுங்கி மடியும். ஒன்றிரண்டு பாத்தி மட்டும் உள்ளவருக்குப் பிவிசி காணும். அதில் ஒரு குறை: வெயிலில் சூடாகும் பிவிசி, தன்மேல் படும் பொலித்தீனை மெல்ல மெல்லக் கெடுக்கும். குழாயின் மேல்பக்கம் வெள்ளைப் பெயின்ற் ஒரு பூச்சுப் பூசுங்கள், அல்லது பழைய துணிக்கீற்றைச் சுற்றுங்கள்.

கட்டடச் சுவருக்குள் போடும் பிளாஸ்ரிக் மலிவாக இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன?

ஒரு குளிர்காலத்துக்குப் போடலாம். வேனில் வெயிலில் விடக்கூடாது. அதில் புறஊதாக் கதிர்த் தடுப்பு இல்லாததால் மொறுமொறுத்து நொறுங்கி, சின்னச் சின்னத் துண்டாக மண்ணில் கலக்கும், பொறுக்கி முடியாது. கிறீன்ஹவுஸ் பிளாஸ்ரிக் நாலு வருடம் என்று சொல்லி விற்பார்கள். குளிர்காலத்தில் மட்டும் பாவித்தால் அதைவிடக் கூடவும் வரும். இரண்டாம் வருடமும் செய்வேன் என்று உறுதியாக இருந்தால் அதையே வாங்குங்கள்.

எப்போது மூடவேண்டும்?

வளைவு ஒக்ரோபர் தொடக்கத்தில். துணி முதல் உறைபனி அறிவிப்பு வரும் இரவில், பெரும்பாலும் ஒக்ரோபர் நடு. ஏரிக்கரைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு இன்னும் பிந்தும். பிளாஸ்ரிக் இரவுகள் தொடர்ந்து கழித்தல் 5 க்கு இறங்கத் தொடங்கிய பிறகு, நவம்பர் நடு அல்லது கடைசி.

அவசரப்பட்டு ஒக்ரோபரிலேயே பிளாஸ்ரிக் போடுவது கெடுதல். செடி மெல்ல மெல்லக் குளிர் படவேண்டும். அப்போதுதான் இலையில் சர்க்கரை சேரும். சர்க்கரை கலந்த சாறு பூச்சியத்தில் உறையாது, இன்னும் கீழே போகவேண்டும். இதமாக வளர்ந்த செடி முதல் கடும் இரவிலேயே தண்ணீராகிவிடும்.

ஒவ்வொரு போர்வையும் தோட்டத்தை ஏறத்தாழ 500 மைல் தெற்கே நகர்த்துவதற்குச் சமம் என்பது கோல்மன் சொல்லும் கணக்கு. அது நடு இரவு வெப்பநிலையைப் பற்றிய பொதுக்கணக்கு. வெளிச்சம் ஒரு மைலும் நகராது.

வெயில் நாளில் திறக்கவேண்டுமா?

கட்டாயம். வெளியே 5 பாகை, வானம் தெளிவு என்றால் மூடிய கூடாரத்துக்குள் 25 ஐத் தாண்டும். காலை 9, 10 மணிக்கு இரண்டு அந்தத்தையும் அவிழ்த்து, பின்னேரம் 3 மணிக்கு மூடுங்கள். டிசெம்பர், ஜனவரியில் இது அரிதாகத்தான் தேவைப்படும். நவம்பர், மார்ச் இரண்டும்தான் ஆபத்து. மார்ச்சில் வேலைக்குப் போகும் நாளில் மூடிவிட்டுப் போவதா, திறந்துவிட்டுப் போவதா என்ற குழப்பம் வந்தால் திறந்துவிட்டுப் போங்கள். இந்தப் பயிர்களுக்குச் சூட்டை விடக் குளிர் நல்லது.

தண்ணீர்?

மண் உறைவதற்கு முன், நவம்பர் நடுவில், ஒருமுறை ஆழமாக. பிறகு மார்ச் வரை வேண்டாம். உள்ளே ஆவியாவது குறைவு, பிளாஸ்ரிக்கில் படிந்த ஈரம் திரும்பச் சொட்டும், பக்கத்தில் உருகும் ஸ்னோவும் மண்ணால் ஊறி வரும். குளிர்காலத்தில் அளவுக்கு மிஞ்சிய ஈரம்தான் சாம்பல் பூஞ்சணத்தைக் கூப்பிடும்.

காலையில் திறந்து பார்த்தால் இலைகள் கரும்பச்சையாக, கண்ணாடி மாதிரி, தரையோடு படுத்துக் கிடக்கின்றன. செத்துவிட்டதா?

இல்லை, தொடவேண்டாம். ஸ்பினாச் இலை அந்த நிலையில் விறைத்து, ஊடுபார்க்கக்கூடியதாக, வேகவைத்த கீரை நிறத்தில் இருக்கும். காம்பு தரையில் சரிந்திருக்கும். உறைந்திருப்பது கலங்களுக்கு இடையில் உள்ள நீர். கலத்துக்குள் இருந்த நீர் வெளியே வந்து அங்கே பனிக்கட்டியாகி நிற்கிறது. வெயில் ஏறி உள்ளே பூச்சியத்தைத் தாண்டியதும் அது மெல்லத் திரும்ப உள்ளே போகும். 11 மணி, 12 மணி அளவில் போய்ப் பாருங்கள். காம்பு நிமிர்ந்து, இலை சாதாரணப் பச்சைக்கு வந்து, நுனியில் ஒரு நீர்த்துளி தொங்கும்.

உறைந்த நேரத்தில் கை பட்டால் அந்தப் பனித்துகள் கலச்சுவரைக் குத்திக் கிழிக்கும். அப்போது வெட்டி வீட்டுக்குள் கொண்டுவந்தால் சட்டியில் வைப்பதற்கு முன்பே கூழாகிவிடும். ஆகவே அறுவடை நண்பகலுக்கும் 2 மணிக்கும் இடையில். உள்ளே கழித்தலிலேயே நிற்கும் நாட்களில் அறுவடை இல்லை. அன்றைக்குச் சந்தைக் கீரை.

ஒரு செடியில் வெளி இலைகளை மட்டும் எடுங்கள். நடுக்குருத்தை விட்டால்தான் பெப்ரவரியில் திரும்ப வரும்.

ஸ்னோ விழுந்தால் தட்டவேண்டுமா?

முதுகில் உள்ளதைத் தட்டுங்கள், பக்கத்தில் குவிந்ததை விடுங்கள். பக்கத்துக் குவியல் இலவசக் கம்பளி. எடையைப் பற்றி ஒரு கணக்கு: 4 அடிக்கு 8 அடியில் 20 சென்ரிமீற்றர் ஈர ஸ்னோ நின்றால் 115 கிலோ அளவு வரும். இரண்டு பெரிய ஆட்கள் முகட்டில் ஏறி இருப்பது மாதிரி. உலர்ந்த பஞ்சு ஸ்னோ அதில் பாதிக்கும் குறைவு.

மென்மையான தும்புத்தடியால் உச்சியில் இருந்து கீழ்நோக்கி இழுங்கள். சவள் வேண்டாம். உறைமழை பெய்து பிளாஸ்ரிக் மேல் கண்ணாடி ஓடு படிந்திருந்தால் ஒன்றும் செய்யாமல் உருகும் வரை காத்திருங்கள். அடித்தால் ஓட்டோடு பிளாஸ்ரிக்கும் வெடிக்கும்.

விளிம்பு தரையோடு உறைந்து திறக்கவே முடியவில்லை.

மண்ணைப் போட்டு விளிம்பைப் புதைத்திருப்பீர்கள், அல்லது மணல் சாக்கு ஈரம் குடித்திருக்கும். சரளைக்கல் ஈரம் பிடிக்காது, அதனால்தான் அதைச் சொன்னோம். தெற்குப் பக்க விளிம்பை ஒரு நீளச் சட்டத்தில் சுற்றி அடித்து, அந்தச் சட்டத்துக்கு அடியில் ஒரு பலகையை வைத்துவிட்டால் குளிர்காலம் முழுக்கத் தூக்கித் திறக்கலாம். இப்போது ஏற்கெனவே உறைந்துவிட்டால் அந்தத்தின் முடிச்சை அவிழ்த்துக் கை விடுங்கள். சுடுதண்ணீர் ஊற்றவேண்டாம், ஒரு மணித்தியாலத்தில் முன்னையதை விட மோசமாக உறையும்.

கரட்டைக் குளிர்காலம் முழுக்க மண்ணிலேயே விடலாமா?

விடலாம், அதுதான் சுவை. குளிர் படப் படக் கிழங்கில் உள்ள மாச்சத்து சர்க்கரையாகும். ஜனவரியில் கிளறிய கரட் பச்சையாகவே பிள்ளைகள் சாப்பிடுவார்கள். நவம்பர் கடைசியில் இலையைச் சேர்த்தபடி மேலே 30 சென்ரிமீற்றர் உலர்ந்த மரச் சருகு போட்டு, அதன்மேல் பிளாஸ்ரிக். சருகுக்கு எங்கேயும் போகவேண்டாம். ஒக்ரோபர் கடைசியில் தெருவில் வீட்டுக்கு வீடு மண்ணிறக் கடதாசிப் பையில் கட்டி வைத்திருப்பார்கள், கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். மேப்பிள் இலை நனைந்தால் அப்பளம் அடுக்கினதுபோல் ஒட்டிக்கொள்ளும். புல்வெட்டியை ஒருமுறை மேலே ஓட்டி நொறுக்கிவிட்டுப் போடுங்கள்.

மார்ச் கடைசிக்குள் எல்லாவற்றையும் கிளறி முடியுங்கள். புது இலை விடத் தொடங்கினால் இனிப்பு அதற்குப் போய், கிழங்கு வேர்போல் ஆகிவிடும்.

பூச்சி, எலி, அணில்?

எலியும் வயல் எலியும்தான் பெரிய எதிரி. மேலே சருகு, உள்ளே கரட், காற்றில்லை, பூனையில்லை. அவற்றுக்கு ஹோட்டல். மூடுவதற்கு முன் கால் அங்குலக் கண் கம்பிவலையைப் பாத்தியின் சுற்றுவட்டத்தில் 15 சென்ரிமீற்றர் ஆழம் இறக்குங்கள். உள்ளே ஒரு பலகைக்கு அடியில் எலிப்பொறி வையுங்கள். நஞ்சு வைக்கவேண்டாம், செத்த எலியை ஆந்தையும் பருந்தும் தின்னும்.

ஓடில்லா நத்தை நவம்பரில் வரும். இரவில் ஒரு பலகையைப் போட்டுவிட்டு, காலையில் திருப்பி எடுத்துவிடுங்கள். அழுக்கணவன் மார்ச் சூட்டில் கிளம்பும். அதற்குக் காரணம் பெரும்பாலும் காற்றோட்டம் காணாமை. அந்தங்களைத் திறந்துவிட்டு, தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினால் போகும்.

அணில் பிளாஸ்ரிக்கைக் கடிப்பது உள்ளே புதிதாகக் கிளறிய மண் மணத்தால். ஒட்டு நாடா கையிருப்பில் இருக்கட்டும், கிறீன்ஹவுஸ் பிளாஸ்ரிக்குக்கு என்று விற்கும் வகை. சாதாரண நாடா குளிரில் உரிந்துவிடும்.

உயர்த்திய மரப்பெட்டிப் பாத்தியில் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் பெட்டி நாலு பக்கத்தாலும் குளிரும். வெளிப்பக்கத்தைச் சுற்றி மேலே சொன்ன சருகுப் பைகளை அடுக்குங்கள், அல்லது வைக்கோல் கட்டுகள். முறுக்குக் கம்பிக்குப் பதில் குழாயைப் பெட்டியின் உட்பக்கத்தில் இரண்டு இரும்புப் பட்டியால் திருகிவிடலாம். சாடியில் வேண்டாம்.

பெப்ரவரிக்குப் பிறகு என்ன செய்வது?

பெப்ரவரி நடுவில் ஸ்பினாச்சின் நடுவில் வெளிர்பச்சைத் துளிர் தெரியும். கருகின வெளி இலைகளைக் கிள்ளி அகற்றுங்கள், அழுகினால் பூஞ்சணம் பரவும். மார்ச் நடுவில் மண் இளகியதும் கூட்டெரு ஒரு பிடி ஒவ்வொரு செடியைச் சுற்றியும் போட்டு, முதல் தண்ணீர் விடுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் பிளாஸ்ரிக்கை எடுத்துத் துணியை மட்டும் வைக்கலாம். மே மாதத்தில் ஸ்பினாச் பூத்தண்டு எடுக்கும், அதற்கு முன் முழுச் செடியாக அரிந்துவிடுங்கள்.

வெறுமையான இடத்தில் மார்ச் நடுவில் முள்ளங்கியும் ஸ்பினாச்சும் விதைத்தால், திறந்த பாத்தியை விட மூன்று, நாலு கிழமை முன்னுக்கு வரும். அது முடிய அதே இடத்துக்கு மே 24 நீண்ட வார இறுதியில் தக்காளியும் மிளகாயும் இறங்கலாம்.

பிளாஸ்ரிக்கையும் துணியையும் எப்படி எடுத்து வைப்பது?

புல்லில் விரித்து, தண்ணீரால் கழுவி, இரண்டு பக்கமும் முழுதாகக் காய்ந்த பிறகு ஒரு குழாயில் சுருட்டுங்கள். மடித்தால் மடிப்பில் வெடிக்கும். கராஜில் தரையில் வைக்கவேண்டாம், துணிக்குள் எலி கூடு கட்டும். உத்தரத்தில் தொங்கவிடுங்கள். கிளிப்புகளையும் கயிற்றையும் ஒரு வாளியில் போட்டு அதே இடத்தில் வையுங்கள், ஒக்ரோபரில் உறைபனி அறிவிப்பு வரும் இரவு பெரும்பாலும் வேலைநாளாகத்தான் இருக்கும்.